மலைத்தோட்டங்களின் அபாயகர இரசாயனக் கழிவு: அடையாளம் காணல், களஞ்சியப்படுத்தல், அகற்றல்

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் அபாயகரமான இரசாயனக் கழிவு ஓரிடத்தில் பெருங்குவியலாகச் சேர்வதில்லை. மருந்தடித்து முடிந்தபின் மிஞ்சும் வெற்றுப் போத்தல்கள், தவணை கடந்த களைநாசினிக் கேன்கள், ஸ்டோரின் ஜெனரேற்றரிலிருந்து வடித்த பழைய எண்ணெய், சக்தி இழந்த லொறி பற்றரி, உடைந்த குழாய் விளக்குகள், லயக் கூரையிலிருந்து கழற்றிய அஸ்பெஸ்டஸ் தகடுகள், தோட்ட வைத்திய நிலையத்தில் காலாவதியான மருந்துகள் என்று அது சிறிது சிறிதாகப் பல மூலைகளில் சேர்கிறது. தொழிற்சாலை ஒன்றில் கழிவு வெளியேறும் குழாய்வாயிலில் அளவுகருவி ஒன்றைப் பொருத்திவிடலாம். தோட்டத்திலோ கழிவு பலருடைய கைகளைக் கடந்து போகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் அது இன்னதென்ற தகவல் கொஞ்சம் தேய்கிறது. பெயர் தெரிந்த நஞ்சை அழிக்க வழி உண்டு. பெயர் தொலைந்த நஞ்சை ஏற்றிச் செல்பவர் தயங்குவார், எரிக்கும் ஆலை மறுத்துவிடும். அடையாளம் காணல், களஞ்சியப்படுத்தல், அகற்றல் என்ற மூன்றும் தனித்தனிப் படிகளாகச் சொல்லப்பட்டாலும், முதலாவது அழியாமல் கடைசி வரை கொண்டுபோகப்பட்டால்தான் மற்ற இரண்டும் நடக்கும்.

ஊவாவின் நில அமைப்பு இந்தப் பொறுப்பை மேலும் கனமாக்குகிறது. நமுனுகுல, அப்புத்தளை, மடுல்சீமை மலைச்சரிவுகளில் தேயிலை நிற்கிறது. அதே சரிவுகளிலிருந்துதான் ஆறுகளும் இறங்குகின்றன. பதுளு ஓயாவும் உமா ஓயாவும் மகாவலியில் சேர்கின்றன. கிரிந்தி ஓயா வெல்லவாயவைக் கடந்து லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. ஊவா மலைகளில் பிறக்கும் மாணிக்க கங்கையில்தான் கதிர்காமத்து அடியார்கள் நீராடுகிறார்கள். அவ்வளவு தூரம் போவதற்கு முன்பே, மேட்டு மலையில் ஊறும் நீர் பீலிகள் வழியாக லயங்களுக்குக் குடிநீராக வந்துவிடுகிறது. தேயிலை விரும்பும் மண் அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை இருக்கும். ஈயம், செம்பு போன்ற உலோகங்கள் அமில மண்ணில் எளிதில் கரைந்து நகரும். ஆகவே சமநிலத்தில் ஓரளவு நின்றுவிடக்கூடிய கசிவுகூட இங்கே ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் பெருமழையோடு கீழே இறங்கிவிடும்.

ஒரு கழிவு அபாயகரமானதா என்பதைப் பொதுவாக நான்கு இயல்புகளைக் கொண்டு பார்க்கிறார்கள்: எளிதில் தீப்பற்றுவது, உடலையும் உலோகத்தையும் அரிப்பது, பிற பொருளோடு சேர்ந்து வெடிப்பது அல்லது நச்சு வாயுவை விடுவது, உயிருக்கு நஞ்சாவது. மண்ணெண்ணெயில் கரைத்த பூச்சிமருந்து முதலாவதற்கும் நான்காவதற்கும் ஒருங்கே பொருந்தும். பற்றரியின் கந்தக அமிலம் அரிக்கும். அதே பற்றரியின் ஈயத் தட்டு நஞ்சு. இலங்கைச் சட்டம் இந்த இயல்புகளோடு ஒரு பட்டியலையும் சேர்த்துக்கொண்டது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய 1534/18ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள், எந்தத் தொழிலிலும் பிறக்கக்கூடிய கழிவுகளையும் குறிப்பிட்ட தொழில்களில் மட்டும் பிறக்கும் கழிவுகளையும் தனித்தனியே அட்டவணைப்படுத்தின. அட்டவணையில் உள்ள கழிவைப் பிறப்பிக்கவும், சேகரிக்கவும், ஏற்றிச் செல்லவும், களஞ்சியப்படுத்தவும், மீட்கவும், அகற்றவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சிறு அளவாக இருந்தாலும் கழிவைப் பிறப்பிப்பவரே அதன் முதல் பொறுப்பாளி என்பது இந்த ஒழுங்குவிதிகளின் அடிப்படை.

இதற்கு முந்திய கட்டத்தை, அதாவது பொருள் கழிவாகும் முன் அதன் இறக்குமதி, பதிவு, விற்பனை ஆகியவற்றை 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆள்கிறது. பேராதனையில் அமைந்த பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம் ஒவ்வொரு மருந்தின் லேபிளையும் பார்த்து ஒப்புதல் தருகிறது. செயற்படும் பொருளின் பெயரும் விழுக்காடும், தொகுதி இலக்கம், உற்பத்தி நாள், காலாவதி நாள், நச்சு முறிவுக் குறிப்பு எல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கின்றன. நச்சுத்தன்மையைக் கண்ணால் அறிய உணவு விவசாய நிறுவனத்தின் வழிகாட்டல் நிறப் பட்டைகளைப் பரிந்துரைக்கிறது: மிகக் கொடியவற்றுக்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள், பின் நீலம், பச்சை. ஆனால் லேபிள் என்பது ஒட்டிய காகிதம். மழையில் ஊறும், எண்ணெய் பட்டுக் கறுக்கும், எலி கொறிக்கும். ஐந்து லீற்றர்க் கேனிலிருந்து ஒரு லீற்றரைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் கங்காணியிடம் கொடுத்து அனுப்பும் கணத்தில் அது முற்றாகவே போய்விடும். மருந்தை மூலக் கலத்திலிருந்து வேறு கலத்துக்கு மாற்றக்கூடாது என்ற விதிக்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், புதிய கலத்திலும் பெயர், செறிவு, நாள், அபாயக் குறி ஆகியன அழியாத மையில் எழுதப்பட வேண்டும். அதைக் கையாளும் தொழிலாளி வாசிக்கும் மொழியில் எழுதப்பட வேண்டும். ஊவாவின் பெரும்பாலான தோட்டங்களில் அந்த மொழி தமிழ். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய எச்சரிக்கை, அதைத் தூக்கிச் சுமப்பவருக்கு எழுதாத எச்சரிக்கையே.

பழைய மருந்துகள் ஏன் இத்தனை கவலை தருகின்றன என்பதற்குத் தேயிலையின் வரலாற்றிலேயே தெளிவான பாடம் இருக்கிறது. தேயிலை இலைகளைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்க, 1935-36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் ஹொமோனே என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அது தோட்டங்களில் நிலைத்து, புழுவைப் பல ஆண்டுகள் கட்டுக்குள் வைத்தது. பின்னர் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் தெளிக்கத் தொடங்கினார்கள். டீல்ட்ரின் வண்டை அடித்தது. கூடவே குளவியையும் அழித்தது. அடங்கியிருந்த இலைச்சுருட்டுப் புழு மீண்டும் பெருகியது. ஒரு மருந்து தான் குறிவைத்த உயிரோடு நின்றுவிடுவதில்லை என்பதற்குப் பூச்சியியல் பாடநூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் நிகழ்வு இது.

கழிவு பற்றிய ஆய்வில் டீல்ட்ரினின் இன்னோர் இயல்பு முக்கியமானது. குளோரின் அணுக்கள் செறிந்த அதன் மூலக்கூறை மண்ணின் நுண்ணுயிர்கள் எளிதில் உடைக்க முடியாது. கொழுப்பில் கரையும், உணவுச் சங்கிலியில் மேலே போகப்போக அடர்த்தி கூடும். டிடிரி, அல்ட்ரின், என்ட்ரின், ஹெப்டகுளோர் ஆகியனவும் இதே வகை. எளிதில் சிதையாத கரிம மாசுப்பொருள்கள் பற்றி 2001இல் கையெழுத்தான ஸ்டொக்ஹோம் சமவாயம் முதலில் குறித்த பன்னிரண்டு பொருள்களில் இவை அடங்கும். இலங்கை அதனை 2005இல் ஏற்று உறுதிசெய்தது. களஞ்சியத்தின் பின்மூலையில் நாற்பது ஐம்பது ஆண்டுகள் கிடந்த இந்த வகைத் தகரம் ஒன்று அகப்பட்டால், “பழசு, வீரியம் போயிருக்கும்” என்று தள்ளிவிடக்கூடாது. தகரம்தான் துருப்பிடித்திருக்கும், உள்ளே இருப்பது பெரும்பாலும் வாங்கிய நாளில் இருந்த நஞ்சே. இதற்கு மாறாக, ஒர்கனோபொஸ்பேற்று மருந்துகள் ஈரத்திலும் வெப்பத்திலும் சிதையும். ஆனால் சிதைந்ததால் பாதுகாப்பாகிவிட்டன என்று கொள்ளவும் முடியாது. மலத்தியன் போன்ற சில, மோசமான களஞ்சிய நிலையில் மூலப்பொருளைவிட நச்சுக்கூடிய உபபொருள்களை உண்டாக்கும்.

தோட்ட நிலங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைக்குப் போயின. இப்படிப் பொறுப்புக் கைமாறும்போது தேயிலையும் கட்டடமும் கணக்கெடுக்கப்படும். பழைய மருந்து அறையின் இருப்புக்கு அதே கவனம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எந்தத் தோட்டத்திலும் முதலில் செய்யவேண்டிய வேலை, கையுறையும் முகக்கவசமும் அணிந்த பயிற்சி பெற்றவர்கள் எல்லா மூலைகளையும் பார்த்து, இருப்பதை அப்படியே பதிவேட்டில் ஏற்றுவது. பெயர் தெரியாதவற்றைத் திறந்து மோந்து பார்த்து அறிய முயல்வது உயிருக்கு ஆபத்து. அவற்றை “பெயர் அறியாதது, இன்ன இடத்தில், இன்ன நாளில் கண்டெடுத்தது” என்று குறித்துத் தனியே வைத்து, ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்புவதே வழி.

கழிவு உருவாகும் இன்னொரு வாயில் தடை. உலக சுகாதார நிறுவனம் முதல் வகுப்பில் சேர்த்த மிகக் கொடிய மருந்துகளை இலங்கை 1995 அளவில் விலக்கி முடித்தது. பரகுவாட், டைமெத்தோயேட், பென்தியோன் ஆகியவை 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக நீங்கின. மருந்தருந்தி இறப்போர் தொகை குறைந்ததில் இந்தத் தடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே தடை தேவையானதே. கிளைபோசேற் 2015இல் தடைசெய்யப்பட்டது. தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018இல் தளர்த்தப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தோடு விவசாய இரசாயனங்களின் இறக்குமதியே நிறுத்தப்பட்டது. அந்த முடிவு அதே ஆண்டு நவம்பரில் மீளப் பெறப்பட்டது. கிளைபோசேற் 2022இல் மீண்டும் அனுமதி பெற்றது. தடை அறிவிக்கப்படும் நாளில், நேற்றுவரை சரக்காக இருந்த கேன் சட்டத்தின் பார்வையில் கழிவாகிவிடுகிறது. அதைத் திரும்பப் பெறும் ஏற்பாடு தடையோடு சேர்ந்து வராவிட்டால், கேன் இருட்டு மூலைக்குப் போகும் அல்லது இரவோடு இரவாகத் தெளிக்கப்பட்டுவிடும். தடை உத்தரவிலேயே மீளப்பெறும் நாள், இடம், செலவை ஏற்பவர் ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும்.

எண்ணிக்கையில் எல்லாவற்றையும் விஞ்சுவது வெற்றுக் கலங்கள். வெறுமையாகத் தோன்றும் போத்தலின் உட்சுவரிலும் கழுத்திலும் செறிந்த மருந்து ஒட்டியிருக்கும். உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சொல்லும் மும்முறை அலசல் எளிமையானது. மருந்தைத் தெளிகருவியில் ஊற்றியதும் அந்தக் கணமே கலத்தை அரை நிமிடம் கவிழ்த்து வடியவிட வேண்டும். கலத்தின் கால் பங்குக்கு நல்ல தண்ணீர் விட்டு மூடி, நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் தெளிகருவியிலேயே ஊற்ற வேண்டும். இதை மூன்று முறை செய்தபின் கலத்தின் அடியில் துளையிட வேண்டும். அலசிய தண்ணீர் வயலுக்கே மருந்தாகப் போவதால் புதிய கழிவு எதுவும் பிறப்பதில்லை; மருந்தும் வீணாவதில்லை. உடனே செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. காய்ந்து ஒட்டியபின் எத்தனை முறை அலசினாலும் போகாது. முறையாக அலசிய கலத்தை அபாயமற்ற பிளாஸ்டிக்காகக் கருதலாம் என்று அந்த வழிகாட்டல் ஏற்கிறது. அலசாத கலம் அபாயகரக் கழிவு. அடியில் துளையிடுவது, அந்தக் கேன் லயத்து வீட்டில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ எடுக்கும் கேனாக மாறாமல் இருக்க. நல்ல கேன் ஒன்று விலை கொடுத்து வாங்கவேண்டிய பொருளாக இருக்கும் வீட்டில் எச்சரிக்கைப் பலகை மட்டும் போதாது. கேனின் அடியில் விழும் துளையே குழந்தையைக் காக்கும்.

மற்றக் கழிவுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். பழைய இயந்திர எண்ணெயில் உலோகத் துகள்களும் எரிந்த எண்ணெயின் நச்சுக் கூறுகளும் சேர்ந்திருக்கும். அதை மரத்துக்குப் பூசுவதும் பாதையில் தெளிப்பதும் தவறு. பற்றரியை நிமிர்த்தியபடியே, அமிலம் வடிக்காமல், உரிமம் பெற்ற மீள்சுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். ஈயத்துக்காக அதைக் கொல்லையில் உருக்கினால் அங்குள்ள குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அஸ்பெஸ்டஸ் தகட்டை உடைக்காமல், நனைத்தபடி கழற்றித் தடித்த பொலித்தீனில் சுற்ற வேண்டும். குழாய் விளக்கிலும் பழைய வெப்பமானியிலும் பாதரசம் உண்டு. பாதரசக் கழிவின் பெயரை மறைத்தால் என்ன நேரும் என்பதற்கு இன்னொரு தமிழ் மலையூர் சாட்சி. கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் லீவர் நடத்திய வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி, வெறும் கண்ணாடியாகப் பழைய சாமான் கடைக்கு விற்கப்பட்டது 2001இல் அம்பலமாகி, ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 தொன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆலைத் தலத்து மண்ணைத் தூய்மையாக்கும் வழக்கும் வேலையும் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன.

களஞ்சியத்துக்கான இடத்தைத் தேர்வதில் மலைத்தோட்டம் சமநிலத்தைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். பீலிக்கும் ஊற்றுக்கும் மேற்பக்கத்தில் அது அமையக்கூடாது. லயம், பிள்ளைக் காம்பரா, கொழுந்து மடுவம் ஆகியவற்றிலிருந்து விலகி, லொறி வரக்கூடிய பாதையோரத்தில், மண்சரிவு அபாயம் குறிக்கப்படாத நிலத்தில் இருக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடங்களை இதற்கும் பார்க்க வேண்டும். தரை வெடிப்பற்ற கொங்கிரீட்டாக, வாசலில் உயர்ந்த விளிம்போடு இருக்க வேண்டும். உள்ளே உள்ள மிகப் பெரிய பீப்பா முழுதாகக் கசிந்தாலும் அதன் கொள்ளளவில் 110 விழுக்காட்டைத் தாங்கும் அளவுக்கு அந்தத் தொட்டி போன்ற அமைப்பு வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். வடிகால் வாய்க்கால் இருக்கக்கூடாது. திரவம் கீழ்த்தட்டிலும் தூள் மேல்தட்டிலும் வைக்கப்பட வேண்டும். களைநாசினியும் பூச்சிமருந்தும் பிரிய வேண்டும். எண்ணெயும் நைத்திரேற்று உரமும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. கசிந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது. மணலையோ மரத்தூளையோ தூவி உறிஞ்சவிட்டு, அள்ளி, அதையும் பெயர் எழுதிய கலத்தில் மூடவேண்டும்.

பூட்டு அவசியம். ஆனால் பூட்டை மட்டும் நம்ப முடியாது. அநுராதபுர மாவட்டத்தின் கிராமங்களில் வீடுகளுக்குப் பூட்டக்கூடிய மருந்துப் பெட்டிகளை வழங்கி நடத்திய பெரிய ஆய்வொன்று 2017இல் லான்செட் இதழில் வெளியானது. பெட்டி கிடைத்த கிராமங்களில் நஞ்சருந்தல் குறைந்ததற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. தேவைக்கு மேல் வாங்காமல் இருப்பதும், மிஞ்சியதைத் தேங்கவிடாமல் வெளியேற்றுவதும்தான் மெய்யான காப்பு.

வெளியேற்றும் வழிகளில் பழக்கத்தில் உள்ள மூன்றும் தவறானவை. திறந்த வெளியில் எரித்தால் குளோரின் கொண்ட மருந்தும் பிளாஸ்டிக்கும் தாழ்ந்த வெப்பத்தில் டையொக்சினை உண்டாக்கும்; புகை லயத்துக்குள்தான் போகும். ஓயாவில் விடுவது கீழே உள்ள ஊருக்கு நஞ்சூட்டுவது. புதைப்பது பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதைக் கண்ட மாவட்டத்தில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. இந்தச் சரிவுகளில் புதைத்தது புதைத்த இடத்தில் நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நாட்டில் இப்போது உள்ள முக்கிய வழி புத்தளத்துச் சீமெந்துச் சூளை. ஹொல்சிம் லங்கா காலத்தில் தொடங்கி, 2016இல் கை மாறியபின் இன்சீ என்ற பெயரில் தொடரும் அந்த ஆலை, அபாயகரக் கழிவைச் சூளையிலேயே எரித்து அழிக்கிறது. சூளைக்குள், சீமெந்தாக அரைபடும் கிளிங்கர் 1450 பாகை செல்சியஸ் அளவில் வேகிறது. தீச்சுவாலை 2000 பாகையை எட்டும். குளோரின் கூடிய கழிவை எரிக்க ஐரோப்பிய விதிகள் கேட்கும் அளவு 1100 பாகையில் இரண்டு வினாடி. சூளையின் வாயு அதைவிடச் சூடாக, அதைவிட நீண்ட நேரம் உள்ளே நிற்கிறது. விடுபடும் அமில வாயுவைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். செம்பு போன்ற உலோகம் கிளிங்கரில் கட்டுண்டுவிடும். ஆனால் சூளைக்கு எல்லைகள் உண்டு. குளோரின் அளவு மிஞ்சினால் உள்ளே படிந்து அடைக்கும். பாதரசம் ஆவியாகிப் புகையோடு போய்விடும். ஆகவே சூளைக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு கழிவின் சேர்மானமும் தெரிய வேண்டும். பல மருந்துகளை ஒரே பீப்பாவில் ஊற்றிக் கலந்த தோட்டம், எளிதில் எரித்திருக்கக்கூடிய கழிவையும் ஆய்வுச் செலவு மிகுந்த கழிவாக்கிவிடுகிறது.

பதுளையிலிருந்து புத்தளத்துக்கு நாட்டின் குறுக்கே நீண்ட தரைவழி. ஒரு தோட்டத்தின் இருபது கிலோவுக்காக உரிமம் பெற்ற லொறி வருவது கட்டுப்படியாகாது. அதனால்தான் கழிவு தேங்குகிறது. கம்பனிகள் பலவும் சேர்ந்து ஆண்டுக்கொரு முறை, மழைக்கு முந்திய வறண்ட மாதங்களில், பொதுவான ஓர் இடத்தில் கழிவைச் சேர்த்து அனுப்புவதே ஏற்ற தீர்வு. வெலிமடை, ஊவா பரணகமப் பகுதிகளின் உருளைக்கிழங்கு, மரக்கறிச் செய்கையாளர்களும் சிறு தேயிலைத் தோட்டக்காரர்களும் இதில் சேர்க்கப்பட வேண்டும். அவர்கள் அடிப்பதும் இதே மருந்துகளைத்தான். அனுமதிப்பத்திர முறை அவர்களை எட்டுவது அரிது. விற்ற கடை வெற்றுக் கலத்தைத் திரும்பப் பெறுவதை உற்பத்தியாளரின் கடமையாக்கினால் இந்த இடைவெளி பெருமளவு மூடும். ஏற்றும் ஒவ்வொரு கலத்துக்கும் அனுப்பியவர், ஏற்றியவர், பெற்றவர் மூவரும் ஒப்பமிட்ட பத்திரம் இருக்க வேண்டும். அழித்ததற்கான சான்றிதழ் தோட்டத்துக்குத் திரும்பி வரும்வரை பதிவேட்டில் அந்த வரி மூடப்படக்கூடாது. நாட்டெல்லையைக் கடக்கும் கழிவுக்கு இதே ஒழுங்கைத்தான் இலங்கை 1992இல் இணைந்த பாசெல் சமவாயம் கேட்கிறது. பழைய மெத்தை என்ற பெயரில் பிரித்தானியாவிலிருந்து கொழும்புக்கு வந்த கொள்கலன்களுக்குள் வைத்தியசாலைக் கழிவும் இருந்தது தெரியவந்து, 2020 செப்டம்பரில் முதல் 21 கொள்கலன்கள் திருப்பி அனுப்பப்பட்டன. சரியான பத்திரம் இல்லாத கழிவு அனுப்பியவரிடமே திரும்பும் என்ற விதி அன்று செயற்பட்டது.

கழிவு போனபின்னும் கட்டடம் நிற்கும். பல ஆண்டுகள் மருந்து வைத்த அறையின் தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் வாசல் மண்ணிலும் நஞ்சு ஊறியிருக்கும். குளோரின் மருந்து வைத்த அறையானால் அது ஒரு தலைமுறைக்கும் போகாது. அத்தகைய அறையை வெள்ளையடித்து வாசிகசாலையாகவோ வீடாகவோ பிள்ளைக் காம்பராவாகவோ மாற்றக்கூடாது. தரையையும் மண்ணையும் மாதிரி எடுத்துச் சோதித்து, வேண்டிய ஆழத்துக்குச் சுரண்டி, சுரண்டியதையும் அபாயகரக் கழிவாகவே பதிந்து அனுப்ப வேண்டும். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பதைத் தோட்டத்தின் நில வரைபடத்திலேயே குறித்துவைக்க வேண்டும்.